மூன்று மாடி ஏறினால் நோய் இல்லை

வேலன் ஓடினான்.

ஆர்.எஸ்.புரத்து அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடித் திருப்பத்தில், கைப்பிடிக் கம்பியைப் பற்றி உடம்பை மேலே இழுத்துக்கொண்டு, காற்றுப் பிடித்த பம்புசெட் மாதிரி 'கர்... கர்...' என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடினான். அக்குளில் இடுக்கியிருந்த எக்ஸ்ரே உறை நழுவியது. பிடித்தான். ஓடினான். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. பத்து அடித்தால் மேலே பதிவேட்டை மூடிவிடுவார்கள். மூடினால் அடுத்த அமர்வு தீபாவளி கழித்துத்தான். அதுவரை உயிர் இருப்பவர்கள் வரலாம்.

அவன் அத்தனை அவசரமாக ஓடியது, தன்னால் ஓட முடியாது என்று நிரூபிப்பதற்காக.

மூன்றாவது மாடி. கதவுக்கு மேலே பெயர்ப்பலகை: 'கொங்கு வட்டாரத் தொழிலாளர் உடற்தகுதி ஆய்வு வாரியம்.' அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: 'உழைப்பே மருந்து.'

கதவோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண் கயல்விழி. வாரியத்தின் எழுத்தர். வேலன் நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தாள். கீழே வாட்ச்மேன் நேரம் குறித்துக் கொடுத்த சீட்டு அது.

"கீழே ஒம்பது அம்பத்தேழு. மேலே ஒம்பது அம்பத்தொம்பது. ரெண்டே நிமிஷமுங்க" என்றவள், சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினாள்.

வேலனால் பேச முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, விரலால் சிவப்பு மையைக் காட்டினான்.

"இதுங்களா? வேகத்துக்குங்க. மெதுவா வந்தா நீல மை."

"மெதுவா... வந்தா... மூடிப்போடுவீங்களே... அம்மணி..."

"ஆமாங்க. அதனால நீல மை இதுவரைக்கும் தீரவே இல்லீங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் நகர்ந்து இடம் கொடுத்தார். இல்யாஸ். மரக்கடையில் தடி இறக்குகிறவர். முதுகுத் தண்டில் வட்டு நழுவி ஒன்றரை வருஷமாகிறது.

"ஒக்காருங்க தம்பி. நான் ஆறு மணிக்கே வந்து, படிக்குப் படி ஒக்காந்து ஒக்காந்து ஏறுனேன். மூணு மணி நேரம்."

"அப்ப உங்களுக்குச் சாதகமா எழுதியிருப்பாங்களே பாய்?"

"எழுதுனாங்க. 'விடாமுயற்சி உள்ளவர், கடின வேலைக்கு ஏற்றவர்'னு."

*

வேலன் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டூல்.

கணபதிப் பகுதியில், மோட்டார் பம்புக்கு உடம்பு வார்க்கிற பவுண்டரியில் அவன் பதினாறு வருஷமாகத் தூக்கு ஆள். வார்த்து ஆறின இரும்பு உடம்புகளை, மணலைத் தட்டிவிட்டுச் சங்கிலியில் கட்டுவார்கள். சங்கிலியைத் தண்டில் கோப்பார்கள். தண்டு என்றால் ஆறடி இரும்புக் குழாய். முன்னால் ஒரு தோள், பின்னால் ஒரு தோள். நடுவில் நூற்றுப் பத்துக் கிலோ ஆடும். ஒரு நாளைக்கு நாற்பது நடை, அச்சுத்தரையிலிருந்து பிசிறு வெட்டும் கொட்டகை வரைக்கும்.

தூக்கு வேலைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முன்னால் நடப்பவன் திரும்பக் கூடாது. கழுத்து திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் தண்டு திரும்பும். சங்கிலி ஆடும். நூற்றுப் பத்துக் கிலோவும் பின்னால் வருகிறவனின் முழங்காலைப் பார்த்துப் போகும். பெற்ற அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முன் ஆள் நேரே பார்த்துத்தான் நடப்பான். வழியை முன் ஆள் பார்க்க வேண்டும். பாரத்தைப் பின் ஆள் பார்க்க வேண்டும். தாலி கட்டாத குறையாக ஒருத்தரை ஒருத்தர் நம்பினால்தான் அந்த வேலை ஓடும்.

வேலன் முன் ஆள். பின் ஆள் சீனிவாசலு. வயதில் எட்டு வருஷம் மூத்தவர். வேலனுக்கு அவர் சீனண்ணன்.

மூச்சு முட்டல் ஆரம்பித்தது தொண்ணூற்று மூன்று கார்த்திகையில். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு நுரையீரல் இருக்க வேண்டிய இடத்துல பவுண்டரி மணல் இருக்குதப்பா. கனம் தூக்கறத விட்டுரு. இல்லீன்னா ஒரு நாள் தண்டோடயே சாய்ஞ்சிருவ" என்றார்.

முதலாளி நல்லவர். நல்லவர் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். "ஸ்டோர் ரூம்ல ஒரு ஸ்டூல் காலியாகுது வேலா. ஒக்காந்து நட்டு, போல்ட்டு எடுத்துக் குடுக்கற வேல. வாரியத்துல 'இலகுப் பணிச் சான்று' வாங்கிட்டு ஆடி மாசக் கடைசிக்குள்ள வந்தா ஸ்டூல் உனக்கு. வராட்டி தண்டு. தண்டு முடியாதுன்னா ஊட்டுக்கு."

சீனண்ணன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அன்று மத்தியானமே வேலனின் தோளில் கை வைத்தார்.

"கண்ணு, நீ வெசனப்படாத. சங்கிலிய நடுவுல போட வேண்டாம். என்ற பக்கமா ரெண்டு சாண் இழுத்துப் போட்டுக்கறேன். பாரம் பூராவும் என்ற தோளுக்கு வந்துரும். நீ பேருக்கு முன்னால நட, போதும்."

"அண்ணா, உங்களுக்கும் வயசாவுதுங்..."

"அட, நட கண்ணு."

வேலனுக்குக் கண் தளும்பியது. முன் ஆள் என்பதால் திரும்பிப் பார்க்காமல் அழுதான்.

அன்றிலிருந்து எட்டு மாதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலனின் மனைவி பழனியாத்தாள் வெல்லக் கச்சாயம் சுட்டுத் தூக்குப்போசியில் போட்டுச் சீனண்ணனுக்குக் கொடுத்து அனுப்பினாள். ஒரே ஒரு சங்கடம். பாரத்தை அண்ணன் வாங்கிக்கொண்ட பிறகும் வேலனுக்கு மூச்சு குறையவில்லை. கூடியது. தோள் காய்த்துக் கருத்தது. கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது கண் முன்னால் பூச்சி பறந்தது.

"பாதிப் பாரங்கூட இல்லாத எனக்கே இப்பிடி இருக்குதுன்னா" என்று பழனியாத்தாளிடம் சொன்னான், "நோவு எவ்வளவு முத்தியிருக்கும், யோசிச்சுப் பாரு புள்ள."

அவள் யோசித்துப் பார்த்தாள். அன்று இரட்டைப் பங்கு கச்சாயம் சுட்டாள்.

*

வாரியச் செயலர் அரங்கசாமியின் அறையில் சுவர் முழுக்கக் கேடயங்கள். சிறந்த கோப்புப் பராமரிப்புக்கு இரண்டு. சிக்கன நிர்வாகத்துக்கு ஐந்து. அவர் வேலனின் மனுவை வாசித்துவிட்டுக் கையை விரித்துச் சிரித்தார்.

"ஒக்காருங்க வேலன். ம்? ஒக்காரறதுக்குச் சிரமமா இருந்தா நின்னுக்கலாம். நிக்கச் சிரமமா இருந்தா, அத ஒரு மனுவா எழுதிக் குடுத்துட்டு ஒக்காரலாம். விதி பதினொண்ணு என்ன சொல்லுது தெரியுமா? மனுதாரர் தொடர்ந்து ஆறு மாசம் நோயில இருந்திருக்கணும்."

"இருந்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

"விதி பன்னண்டு. அதே ஆறு மாசமும் ஒரு நாள்கூட லீவு போடாம வேலைக்கு வந்திருக்கணும். லீவு போட்டவர் தொழிலாளி இல்ல, நோயாளி. நோயாளிகளப் பார்க்கறது எங்க வேல இல்ல. லீவு போடாதவர் தொழிலாளி. ஆனா அவருக்கு நோய் இல்லீங்களே! ரெண்டும் ஒண்ணா அமையணும். பதினஞ்சு வருஷமா நாங்களும் எதிர்பார்த்துட்டுத்தான் இருக்கோம். ஒருத்தர்கூட வரல." செயலர் பெருமூச்சு விட்டார். அறையின் மூலையில், 'இலகுப் பணிச் சான்று' என்று அச்சடித்த ஆயிரம் படிவங்கள் கயிறு பிரிக்காமல் இருந்தன. அதன் மேல் பூச்சாடி.

"ரெண்டும் எனக்கு இருக்குதுங்க" என்றான் வேலன்.

"எது?"

"நோவும் இருக்குதுங்க. லீவும் போடலீங்க. போட்டா ஜோடி ஒடஞ்சு போயிரும், சீனண்ணனுக்கும் அன்னைக்கு வேல இல்லாம போயிருமுங்க. அதனால எட்டு மாசமா ஒரு நாள்கூட நிக்கலீங்க." பவுண்டரி வருகைப் பதிவின் நகலை எடுத்து வைத்தான்.

அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். வருகைப் பதிவை மறுபடி பார்த்தார். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக, வாரியத்துக்குள் ஒரு தகுதியான ஆள் நுழைந்துவிட்டான்.

"டாக்டரக் கூப்பிடுங்க" என்றார் தணிந்த குரலில். கட்டடத்தில் தீப்பிடித்ததைச் சொல்கிறவர் மாதிரி.

*

வாரிய மருத்துவர் எக்ஸ்ரேயை வாங்கவே மறுத்தார்.

"அது வெளி எக்ஸ்ரே. போன வருஷத்து நுரையீரல். இன்னைக்கு இருக்கற நுரையீரலத்தான் நான் பார்ப்பேன்."

"பாருங்க டாக்டர்."

மூச்சை அளக்கும் கருவி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள். அதில் ஊதினால் எச்சில் பட்டு வீணாகிவிடும் என்பதால், வாங்கின நாள் முதலாக யாரையும் ஊதவிட்டதில்லை. அதனால்தான் அது இன்னும் புதுசாக இருக்கிறது என்று மருத்துவர் பெருமையாகச் சொன்னார். அதற்குப் பதிலாக, வாரிய ஆண்டு விழாவில் மிஞ்சின பலூன் ஒன்றை மேஜை டிராயரிலிருந்து எடுத்து நீட்டினார். ரோஸ் கலர்.

"ஊதுங்க. வெடிச்சா நீங்க திடம்."

"வெடிக்கலீன்னா?"

"ஒத்துழைக்கலீன்னு எழுதுவோம்."

வேலன் ஊதினான். கழுத்து நரம்பு புடைத்தது. பலூன் கத்திரிக்காய் அளவுக்கு வந்தது. இருமல் வந்தது. பலூன் அவன் வாயிலிருந்து கிளம்பி, 'பர்ர்ர்' என்று அறையை ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சுக் கருவியின் மாலையில் போய் மாட்டிக்கொண்டது.

மருத்துவர் அது பறந்த தூரத்தை அளவு நாடாவால் அளந்தார். எழுதினார்: 'மனுதாரரின் மூச்சு பதினோரு அடி செல்கிறது.'

*

மூன்றாவது சோதனைக்குப் பெயர் 'மாதிரிச் சுமைச் சோதனை'. ஆனி மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை. ஆறு மனுதாரர்களை வரச்சொல்லியிருந்தார்கள். வேலன், முதுகு போன இல்யாஸ், இதயத்தில் ஓட்டை உள்ள மில் தொழிலாளி, மற்ற மூன்று பேர். செயலர் அரங்கசாமி ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று பேசினார்.

"அன்பார்ந்த நோயாளிகளே! மன்னிக்கணும், மனுதாரர்களே! நீங்க நோயாளிகளான்னு இன்னும் முடிவாகல. ஒருத்தரால கனம் தூக்க முடியுமா முடியாதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? தூக்கவிட்டுத்தான் கண்டுபிடிக்கணும். இதுக்குன்னு தனியா எடைக்கல்லு வாங்கினா அது அரசுப் பணத்த வீணடிக்கறது. சிக்கனத்துக்கு அஞ்சு கேடயம் வாங்கின வாரியம் நம்ம வாரியம்! ஆகவே, இன்னைக்கு நம்ம அலுவலகத்தையே மாதிரிச் சுமையா உங்களுக்குத் தர்றோம். மூணாவது மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாத்தறோம். படி ஏற எனக்கும் ஊழியர்களுக்கும் ரொம்பச் சிரமமா இருக்கு. எனக்கு மூட்டுவலி. உங்களுக்குத் தெரியாது, வலின்னா என்னன்னு."

"கீழ்த்தளத்துக்கு வந்துட்டா, இனிமே வர்ற மனுதாரருங்களுக்கும் சுளுவுதானுங்களே?" என்று கேட்டார் இல்யாஸ்.

"அது எப்படிங்க? நீங்க எல்லாரும் வழக்கம்போல மூணாவது மாடிக்குப் போய்ப் பேரைப் பதிஞ்சுட்டுத்தான் கீழே வரணும். படி சோதனையோட ஒரு பகுதி."

தூக்கினார்கள். மேஜைகள் போயின. கேடயங்கள் போயின. மாலை போட்ட மூச்சுக் கருவி போயிற்று. கடைசியில் இரும்பு பீரோ. உள்ளே வாரியத்தின் ரகசியக் கோப்புகள். அதைக் காலி செய்து தூக்கக் கூடாது, கோப்புகளை மனுதாரர்கள் பார்த்துவிடக் கூடாது என்று விதி.

வேலன் பழக்கதோஷத்தில் முன்னால் போய் நின்றான். இல்யாஸ் பின்னால் பிடித்தார்.

"தம்பி, ரெண்டு எலும்புக்கூடு சேந்து ஒரு பொணத்தத் தூக்குது பாத்தீங்களா?"

"சிரிக்க வெக்காதீங்க பாய். மூச்சு போயிரும்."

இரண்டாவது மாடித் திருப்பத்தில் போயே விட்டது. வேலனின் நெஞ்சுக்குள் யாரோ மணலை அள்ளிக் கொட்டி மிதித்தார்கள். கண் இருட்டியது. முழங்கால் மடங்கியது. ஆனாலும் பதினாறு வருஷப் பழக்கம். பாரத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் விழுந்தான். பீரோ நிமிர்ந்து நின்றது. வேலன் படியில் சுருண்டு கிடந்தான். உதடு நீலமாக இருந்தது.

வாரிய மருத்துவர் ஓடிவந்தார். குனிந்தார். பீரோவின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்து, கயல்விழியிடம் சொன்னார்: "எழுதிக்குங்கம்மா. 'சுமைக்குச் சேதமில்லை.'"

கயல்விழி எழுதவில்லை. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வேலனின் வாயில் ஊற்றினாள். பிறகு எழுதினாள். சம்பளம் அதற்குத்தான்.

சாயங்காலம் செயலர் ஆறு பேருக்கும் நன்றி சொன்னார். இடம் மாற்றித்தர வெளியாள் ஒருத்தர் இரண்டு நாள் கேட்டிருந்தாராம். நோயாளிகள் நாலு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். "உங்கள விடத் திடமானவங்கள நான் பார்த்ததே இல்ல" என்று மனம் நெகிழ்ந்தார்.

*

கடைசிப் படி, 'சக தொழிலாளி மறைவு அறிக்கை'. மனுதாரரோடு வேலை செய்கிற ஒருத்தரை வாரியம் தனியாக அழைத்து விசாரிக்கும். என்ன சொன்னார் என்பது ரகசியம். யார் சொன்னார் என்பது அதைவிட ரகசியம்.

வேலனுக்கு அந்த வருஷத்தில் முதல்முறையாக நிம்மதியான மூச்சு வந்தது. பாதி மூச்சுத்தான். ஆனாலும் நிம்மதி.

"இத மொதல்லயே கேட்டிருந்தாங்கன்னா இத்தன கூத்து எதுக்கு புள்ள?" என்றான் பழனியாத்தாளிடம். "நான் படற பாடு சீனண்ணனுக்குத் தெரியாதா? எட்டு மாசமா என்ற பாரத்தச் சொமந்தவரு. அவுரு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"அண்ணன் வாயில நல்ல வார்த்ததானுங்க வரும்" என்று அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள் அவள்.

வியாழக்கிழமை சீனண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பவுண்டரி வாசலில் நின்றார். ஆர்.எஸ்.புரம் போகிற பஸ்ஸுக்காக. வேலன் தூக்குப்போசியை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"வேண்டாங் கண்ணு. வயிறு ஒரு மாதிரியா இருக்குது."

"அண்ணா, அவுங்க என்ன கேட்டாலும் உள்ளதச் சொல்லிப்போடுங்க. எனக்காகக் கூட்டியும் சொல்ல வேண்டாம், கொறச்சும் சொல்ல வேண்டாம். உள்ளது போதும்."

சீனண்ணன் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்ளதத்தான் சொல்லப்போறேன் கண்ணு. சத்தியமா."

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. பெருந்துறையில் மச்சான் வீட்டு விசேஷம் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தார். அதற்கடுத்த நாளும் வரவில்லை. பின் ஆள் இல்லாத முன் ஆளை முதலாளி மணல் சலிக்கப் போட்டார்.

*

ஆடி இருபத்தெட்டு. வேலன் மூன்று மாடி ஏறிப் பெயர் பதிந்து, மூன்று மாடி இறங்கி, கீழ்த்தளத்தில் செயலர் முன்னால் நின்றான். அரங்கசாமியின் முகம் திருவிழா மாதிரி இருந்தது. மேஜையில் ஒரு பொன்னாடை. மூலையில், ஆயிரம் படிவங்களின் கட்டைக் கயிறு பிரித்திருந்தார்கள். பூச்சாடி இறங்கி ஜன்னலுக்குப் போயிருந்தது.

வேலன் இன்னொரு தரம் மூலையைப் பார்த்தான். கட்டுப் பிரித்திருக்கிறார்கள்!

"வாங்க வேலன்! உங்க பவுண்டரியால வாரியத்துக்கே பெரும. பதினஞ்சு வருஷத்துல மொத இலகுப் பணிச் சான்ற நாங்க குடுத்துட்டோம். சட்டசபையில கேள்வி கேட்டாக்கூட இனி எங்களால பதில் சொல்ல முடியும்."

"ரொம்ப... ரொம்ப நன்றிங்க..." வேலன் இரண்டு கையையும் நீட்டினான்.

"உங்களுக்கு இல்லீங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஒரு பவுண்டரிக்கு வருஷத்துக்கு ஒண்ணுதான். உங்க பவுண்டரிக்குப் போன வாரமே குடுத்தாச்சு. அவரும் உங்கள மாதிரியே மனு போட்டிருந்தார், உங்களுக்கு முன்னாலயே. அப்ப ஆதாரம் பத்தல. ரெண்டு விதியையும் அற்புதமா நிறைவேத்தினவர். நோயும் இருந்துது, ஒரு நாள்கூட லீவும் போடல. எப்படி முடிஞ்சுதுன்னு கேட்டேன். ஆதாரத்தோட விளக்கினார் பாருங்க, நான் அசந்துட்டேன்!"

"யாருங்க அது?"

"ரகசியம்." செயலர் எழுந்து வந்து பொன்னாடையை விரித்து வேலனின் தோளில் போட்டார். காய்த்துக் கருத்த இடத்தில் ஜரிகை உறுத்தியது. "ஆனா உங்கள வெறுங்கையோட அனுப்புவோமா? உங்களுக்கு 'முதல் தரத் திட உடல் சான்று'. படி ரெண்டு நிமிஷம். மூச்சு பதினோரு அடி. பீரோ சேதமில்ல. எல்லாத்துக்கும் மேல, மறைவு அறிக்கை. ஒரு சக தொழிலாளி இன்னொருத்தர இவ்வளவு ஒசத்தியாச் சொல்லி நான் கேட்டதே இல்ல. நீங்க இன்னும் இருவது வருஷம் தண்டு தூக்கலாம். கயல்விழி! கையெழுத்து வாங்கிக்கம்மா."

போட்டோ எடுத்தார்கள். செயலர் சிரித்தார். அடுத்த ஆளை அழைக்க மணி அடித்தார்.

வெளியே, வராந்தாவில், கயல்விழி கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டாள். நீல மைப் பேனா. அவள் முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"விதிப்படி, தீர்ப்புக்கு ஆதாரமான பகுதிய நான் உங்களுக்கு வாசிச்சுக் காட்டணுமுங்க. காட்டினதுக்கு நீங்க கையெழுத்துப் போடணும். இதே அறிக்கைதான் சான்று வாங்குனவங்க மனுவுக்கும் ஆதாரம். பேர மட்டும் கேக்காதீங்க. அதச் சொன்னா என்ற வேல போயிரும்."

"வாசிங்க அம்மணி."

அவள் வாசித்தாள். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"'எனக்குக் குடலிறக்கம் இருப்பது சென்ற ஆண்டு ஐப்பசியில் தெரியவந்தது. கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டோரில் ஒரே ஒரு ஸ்டூல்தான் காலியாகிறது என்பது எனக்குத் தெரியும். கனம் தூக்காமலேயே நான் எப்படித் தினமும் வேலைக்கு வந்தேன் என்று வாரியம் கேட்டதால், உள்ளதைச் சொல்கிறேன்...'"

நிறுத்தினாள். தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"மிச்சத்த நீங்களே படிச்சுக்கறீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க அம்மணி. நீங்களே சொல்லிப்போடுங்க."

கயல்விழி விரலை அடுத்த வரியில் வைத்தாள்.

"'எங்கள் தண்டில், சங்கிலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வதாக முன் ஆளிடம் சொன்னேன். போடவில்லை. எட்டு மாதமாக அவர் பக்கம்தான் தள்ளிப் போட்டு வந்தேன். பாரம் முழுவதும் அவர் தோளில்தான் இருந்தது. அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.'"